சோழவரத்துக்குப் போன கண்டாங்கி

பெற்ற பிள்ளையைப் பார்க்க எந்தச் சீலையைக் கட்டிக்கொண்டு போவது என்று தெய்வானை ஆச்சி ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அரக்குச் சிவப்புக் கண்டாங்கியை எடுத்து வைத்தாள். எட்ட இருந்தாலும் கண்ணில் படும். மோட்டாரில் பறக்கிறவனுக்கு வேறெந்த நிறம் தெரியப்போகிறது?

"அவன் போற வேகத்துல என்னையப் பாப்பானா?" என்று கணவரைக் கேட்டாள்.

"இந்தச் சுத்துல பாக்காட்டி அடுத்த சுத்துல பாக்குறான். அதே எடத்துக்குத்தானே திரும்பத் திரும்ப வரப்போறான்," என்றார் அடைக்கப்பன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

அவர்களுடைய இளைய மகன் சொக்குவை, பால் பல் விழுகிற வயதில், பக்கத்து ஊர் ஆவுடையாள் ஆச்சி வீட்டுக்குச் சுவீகாரம் கொடுத்தார்கள். அந்த வீட்டில் பணம் இருந்தது, பிள்ளை இல்லை. இந்த வீட்டில் பிள்ளைகள் இரண்டு. பர்மாவில் இருந்ததெல்லாம் யுத்தத்தில் போயிருந்தது. கொடுத்த அன்றே அவன் பேர் வயிரவன் ஆயிற்று, தெய்வானை அவனுக்கு யாரோ ஓர் ஆச்சி ஆனாள். கோயிலிலோ கலியாணத்திலோ எதிர்ப்பட்டால் "நல்லா இருக்கியா தம்பி" என்று இவள் கேட்கலாம். "இருக்கேன் ஆச்சி" என்று அவன் சொல்வான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

பிள்ளையைக் கொடுத்தவர்கள், கூப்பிடாமல் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது. போன பிள்ளையும் பெற்ற வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. இதை எந்த மகராசன் ஏற்படுத்தினான் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் மீறிப் பார்க்கட்டும், கொடுத்த பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்கிறாள் என்று ஊரே அவளை உரித்துத் தொங்கவிட்டுவிடும். பிறகு ஆவுடையாள் ஆச்சி குடும்பத்தோடு மதராசுக்குக் குடிபோனாள். கோயில் வாசலில் கிடைத்துவந்த அந்த ஒரு வார்த்தையும் நின்றுபோனது.

போன வருசம் திருமயம் வாசகசாலையில் அடைக்கப்பன் பத்திரிகையில் ஒரு படத்தைப் பார்த்தார். சோழவரம் மோட்டார் பந்தயத்தில் வயிரவன் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிறான். தலையில் ஏதோ சட்டி மாதிரி கவிழ்த்திருந்தான். படத்தை வீட்டுக்கு எடுத்துவர முடியாது. வந்து வாயால் சொன்னார். தெய்வானை அதையே பத்துத் தடவை சொல்லச் சொன்னாள். அன்றைக்குத்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது.

"பந்தயம் நடக்குற எடம் யாரு வீட்டு வாசலும் இல்லையே. சீட்டு வாங்குனா யாரும் போகலாம். நம்மள எவன் கேக்குறது?"

இந்த வருசத்துப் பந்தயத் தேதி வந்ததும் பயணம் தயாரானது. அடைக்கப்பன் இதற்கு முன் இத்தனை கெட்டிக்காரத்தனத்தை எதிலாவது காட்டியிருந்தால் குடும்பம் எங்கேயோ போயிருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி புதுக்கோட்டையில் ரயில். சனிக்கிழமை எழும்பூரில் இறங்கிச் சத்திரத்தில் குளித்துவிட்டுச் சோழவரம் பஸ். அன்றைக்கு வண்டிகளைச் சும்மா ஓட்டிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். முடிந்ததும் ஓரமாக நின்று, "அட, தம்பியா! தற்செயலா வந்தோம்" என்று சொல்ல வேண்டியது. இதை அவர் சொல்லியும் காட்டினார். தெய்வானை மாவுருண்டை பிடித்து டின்னில் அடைத்தாள். சின்ன வயதில் அவன் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு தின்பான்.

மதராசுக்குப் போகிறோம் என்று வெளியே சொன்னால் குட்டு உடைந்துவிடும். ஆகவே ஆச்சிக்குக் கண் சரியில்லை, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று ஊரில் சொன்னார்கள். வீட்டு வேலை செய்யும் அழகியிடமும் அதையே சொன்னார்கள். பாவம், அவள் நம்பிவிட்டாள். திருமயத்தில் மதுரை பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றுவிட்டு, தெரிந்த தலை ஒன்றும் இல்லை என்றானதும் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினார்கள்.

சனிக்கிழமை முழுவதும் சவுக்குக் கட்டை வேலியோரம் வெயிலில் நின்றார்கள். ஒவ்வொரு வண்டியும் காதைக் கிழித்துக்கொண்டு போகும்போது, தெய்வானை அதற்குள் இருக்கும் முகத்தைத் தேடினாள். முகம் எங்கே தெரிகிறது? எல்லார் தலையிலும் சட்டி, எல்லார் கண்ணிலும் கண்ணாடி. ஏதோ ஒன்றில் அவன் இருக்கிறான் என்று நினைத்து, எல்லா வண்டிக்கும் முந்தானையை எடுத்து ஆட்டினாள். பக்கத்தில் நின்ற கால்சராய்க்காரர்கள் சிரித்தார்கள். அவள் பாட்டுக்கு ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயமும் முடிந்தது. கோப்பையை யார் யாரோ வாங்கினார்கள். வயிரவன் பேரை ஒலிபெருக்கியில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அடைக்கப்பன் வண்டிகள் நிற்கும் பக்கம் போய், கையெல்லாம் கிரீஸாக இருந்த ஒரு மெக்கானிக்கைப் பிடித்தார். இன்னாசி என்று பேர்.

"வயிரவன் சாரா? அவரு இந்த வருசம் ஓட்டலைங்க. வண்டியவே வித்துட்டாரு. மலாயாவுல, ஈப்போவுல அவங்க கடையப் பாத்துக்க ஆளு வேணும்னு திடீர்னு கெளம்புறாரு. நாகப்பட்டினத்துல கப்பல். பெத்தவங்ககிட்ட சொல்லிக்கணும்னு வெள்ளிக்கெழம ராத்திரியே ரயிலேறிட்டாரு."

அடைக்கப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கப்பல் ஏறுகிறவன் பெற்ற வீட்டு வாசலுக்கு வந்து பயணம் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு மட்டும் தடை கிடையாது. அது தெய்வானைக்கும் தெரியும். அவன் கப்பல் ஏறப்போவதுதான் தெரியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் ரயிலும் இவர்கள் ரயிலும் எங்கேயோ ஓர் இடத்தில் எதிரெதிரே போயிருக்கும். அவள் அப்போது மாவுருண்டை டின்னை மடியில் வைத்துக்கொண்டு விழித்துத்தான் இருந்தாள்.

"இருப்பான். நம்ம வர்ற வரைக்கும் இருப்பான்," என்று திரும்பி வரும் வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை வீடு வந்து சேர்ந்தபோது அழகி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"சின்னய்யா வந்திருந்தாக ஆச்சி! சனிக்கெழம விடியவே வந்துட்டாக. 'ஆத்தா எங்க அழகி'ன்னாக."

"என்னன்னு கேட்டான்?"

"ஆத்தா எங்கன்னு."

தெய்வானை அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சுவீகாரம் போன நாளிலிருந்து அந்த வார்த்தை அவள் காதில் விழவில்லை. இப்போதும் அழகி வாயிலிருந்துதான் விழுந்தது.

"கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருக்காகன்னேன். எந்தக் கண்ணுன்னு கேட்டாக. எனக்கென்ன தெரியும், ரெண்டுந்தான்னு சொல்லி வச்சேன். மொகம் அப்படியே செத்துப்போச்சு. தண்ணிகூடக் குடிக்காம மதுரைக்கு ஓடுனாக. ஆஸ்பத்திரி பூராத் தேடிப்புட்டு நேத்து மத்தியானம் திரும்பி வந்தாக. பொழுது சாயுற வரைக்கும் இந்தா, இந்தப் படியிலதான் ஒக்காந்திருந்தாக. பெறகு நேரமாச்சுன்னு வாடகைக் காரு டிரைவரு வந்து கையப் பிடிச்சு எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. விடிகாலையில கப்பலாமே."

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கப்பல் போயிருக்கும். இனி நாகப்பட்டினத்துக்குப் பஸ் பிடித்தும் பிரயோசனமில்லை என்று அடைக்கப்பனுக்குத் தெரிந்தது. ஒரு மனிதன் தன் சாமர்த்தியத்தாலேயே தன் குடும்பத்தை இப்படி அறுக்க முடியுமா என்று அவருக்கே அவர்மேல் வெறுப்பாக இருந்தது.

தெய்வானை அந்தப் படியில் உட்கார்ந்தாள். அரக்குச் சிவப்புச் சீலையெல்லாம் சோழவரத்துப் புழுதி.

"டாக்டரு என்ன சொன்னாரு ஆச்சி? கண்ணு தெரியுமா?" என்று அழகி கவலையோடு கேட்டாள். அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

அடைக்கப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஈப்போவுக்குக் கடுதாசி போட்டுருவோம். கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, பொய்தான் சொன்னோம்னு எழுதிருவோம். கடையாளுக பிரிச்சுப் படிச்சு ஆவுடையாளுக்குச் சொன்னாலும் சொல்லிட்டுப் போகட்டும். புள்ள அங்க தவிச்சுக்கிட்டு இருப்பான்."

அவள் மாவுருண்டை டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுதாதீங்க," என்றாள். "கண்ணு போயிருச்சுன்னே இருக்கட்டும். அதுக்காகவாவது ஒரு தடவ வருவான்."