நகல் ஓடும்போது எதையும் அழிக்காதே

சோதனை மெஷினின் திரையில் அந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் பூட்டக்கா வாயில் இருந்த டீயை விழுங்க மறந்துபோனாள்.

பூட்டக்கா என்பது ஆபீஸ் வைத்த பெயர். கம்ப்யூட்டரில் ஃபைல்களை எங்கே வைப்பது, எப்படி எடுப்பது என்று பார்த்துக்கொள்ளும் ஆதார நிரல் அவள் பொறுப்பு. இரண்டு வேலைகள் ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல் இருக்க அதில் பூட்டுகள் உண்டு. ஒரு வேலை பூட்டைப் பிடித்திருந்தால், அது விடும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்த்த நகல் எடுக்கும் வேலை முதல் பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்கிறது. ஃபைலை அழிக்கும் வேலையோ இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதைக் கேட்கிறது. எச்சரிக்கை சொன்னது இவ்வளவுதான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து ஆளுக்கொரு பூட்டோடு நின்றுவிட்டால் தீர்ந்தது கதை. பின்னால் வருகிற எல்லா வேலையும் அப்படியே உறைந்துவிடும்.

குழுத் தலைவர் எட்டிப் பார்த்தார். "எச்சரிக்கைதானேம்மா? இத்தனை நாள் சோதிச்சோம், ஒரு தடவையாவது நின்னுதா? குரைக்கிற நாய் கடிக்காது."

"அந்தப் பழமொழி நாய்க்கும் தெரியணுமே சார். இது இப்ப எங்கெல்லாம் ஓடுது?"

"வெளியில ஒரே ஒரு இடம்தான். நேத்துதான் பெரியாஸ்பத்திரியில போட்டோம்."

பூட்டக்கா டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள். பெரியாஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் இருப்பவள் அவளுடைய நாத்தனார்.

பொய் எச்சரிக்கையாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே, இரண்டு வேலைகளும் எதிரெதிரே வந்து சேரும்படி நடுவில் ஒரு சின்னத் தாமதத்தைப் புகுத்தினாள். நகலை ஓடவிட்டு ஒரு ஃபைலை அழித்தாள். சுட்டி மட்டும் திரையில் நகர்ந்தது. வேறெதுவும் திறக்கவில்லை. என்ன ஓடுகிறது என்று பார்க்கக் கொடுத்த கட்டளையும் பதில் சொல்லாமல் நின்றது. தலைவர் முகம் பேயறைந்தாற்போல் ஆனது. "நான் ஆஸ்பத்திரி மேலதிகாரியைப் பிடிக்கறேன்" என்று வெளியே ஓடினார்.

அவள் நாத்தனாரை அழைத்தாள்.

"அண்ணி! என்ன, இந்த நேரத்துல?"

"நகல் எடுக்கற வேலை எப்ப ஓடும்?"

"இப்பத்தான் ஓடிக்கிட்டிருக்கு. பாதி தாண்டிடுச்சு. ஏன், நிறுத்திடட்டுமா?"

'நிறுத்து' என்று சொல்ல வாய் திறந்தவள், எதிரே திரையில் இருந்த நிரலைப் பார்த்தாள். நிறுத்தினால் என்ன நடக்கும்? பாதி எடுத்த நகலை அது அழிக்கும். அழிக்கும்!

"தொடாதே! கையை எடு!"

அவள் கத்திய கத்தலில் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.

"எடுத்துட்டேன் அண்ணி... பயமுறுத்தாதீங்க."

"நல்லாக் கேளு. இது முடியற வரைக்கும் யாரும் எந்த ஃபைலையும் அழிக்கக் கூடாது. எல்லா வார்டுக்கும் சொல்லு. அதுக்கும் முன்னாடி, யாருக்கு என்ன மருந்து, எவ்வளவுன்னு எல்லாத்தையும் பேப்பர்ல அடிச்சு எடுத்துடச் சொல்லு. முதல்ல தீவிர சிகிச்சைப் பிரிவு."

நாத்தனார் போனை மேஜைமேல் வைத்துவிட்டு இன்னொரு போனில் பேசுவது கேட்டது. குரல் நடுங்கினாலும் சொல்ல வேண்டியதைப் பிசகாமல் சொன்னாள். பூட்டக்கா இங்கே போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். யாரோ முகம் தெரியாத ஒருவர், இடம் போதவில்லை என்று ஒரு பழைய படத்தை இந்த நிமிஷம் அழித்தால்? அந்த ஒரு விரலைத்தான் அவள் நினைத்துக்கொண்டே இருந்தாள்.

"தீவிர சிகிச்சையில எடுத்துட்டாங்களாம். எக்ஸ்ரே அறையில மட்டும் யாரும் போனை எடுக்க மாட்டேங்கறாங்க. நான் ஓடிப்போய்..." பேச்சு அறுந்தது. "அண்ணி. நின்னுடுச்சு."

"என்ன நின்னுடுச்சு?"

"எல்லாமே."

பின்னால் போன்கள் ஒவ்வொன்றாய் அலறத் தொடங்கின. ஒரு நர்ஸ், "பத்தாம் படுக்கைக்கு ஊசி எவ்வளவு?" என்று கத்துவதும், இன்னொருத்தி பேப்பரைப் பார்த்து வாசிப்பதும் கேட்டது. அந்தக் குரல் ஒரு இடத்தில் தடுமாறி மறுபடி முதலிலிருந்து வாசித்தது.

"மெஷினோட மின்சாரத்தை நிறுத்தித்தான் எழுப்பணும். மேலதிகாரி சரின்னுட்டார்" என்று தலைவர் வந்து சொன்னார். நாத்தனார் நிறுத்தினாள். பழைய நிரலையே திரும்ப ஏற்றினார்கள். மெஷின் ஒவ்வொரு ஃபைலாகச் சரிபார்த்து எழுந்திருக்க மதியம் தாண்டிவிட்டது. அதுவரை ஆஸ்பத்திரியே பேப்பரில் ஓடியது. காலையில் எடுத்த சில எக்ஸ்ரே படங்கள் போயே போய்விட்டன, மறுபடி எடுத்தார்கள். யாருக்கும் மருந்து மாறவில்லை.

பூட்டக்கா நிரலைத் திருத்தினாள். இரண்டு வேலையும் இனி ஒரே வரிசையில்தான் பூட்டைக் கேட்கும். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு முதலாவதைக் கேட்க வழியே இல்லை. சோதனை மெஷினில் எச்சரிக்கை வரவில்லை. மறுபடி ஓட்டினாள். அப்போதும் வரவில்லை.

சாயங்காலம் நாத்தனார் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே இவள் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"நீங்க கத்தினப்ப என் விரல் பொத்தான் மேலேயே இருந்துச்சு அண்ணி. நீங்க போன் பண்ணாம இருந்திருந்தா, யாரும் பேப்பர்ல எடுத்திருக்க மாட்டாங்க."

பூட்டக்கா டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். நாத்தனாரை இழுத்து அணைத்துக்கொண்டாள்.