ஹேர்பர்ட் புகழ்ந்த பொடியன்

அந்த மனிதர் வந்து நின்றபோது ஹேர்பர்ட் ஏணியில் ஏறி, கூடைப்பந்துப் பலகையின் வெடிப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் இரண்டு ஆணி, கையில் சுத்தியல். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கோர்ட்டின் சீமெந்துத் தரைக்கு வெளியே எந்தப் பக்கம் பார்த்தாலும் சேறு. கீழே குனிந்து பார்த்தபோது முதலில் தெரிந்தது வெள்ளைக் கென்வஸ் சப்பாத்து, அதில் ஒரு பொட்டுச் சேறில்லை. பிறகுதான் ஆள் தெரிந்தார். நடுத்தர வயது, நடுத்தர உயரம், இஸ்திரி போட்ட சேர்ட். ஹேர்பர்ட் ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டு, கொழும்பிலிருந்தா வருகிறீர்கள் என்று கேட்டார். வந்தவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை 'ஓம்' என்று எடுத்துக்கொண்டவர் ஹேர்பர்ட்தான். வந்தவர் தன் வாயால் அப்படி ஒரு சொல் சொல்லவேயில்லை.

அப்படி எடுத்துக்கொண்டதிலும் பெரிய பிழை சொல்ல முடியாது. கொழும்பிலே ஒரு கம்பெனி தன் கூடைப்பந்து அணிக்கு உயரமான பொடியன் ஒருவனைத் தேடுகிறது, ஆள் அனுப்பிப் பார்க்கப் போகிறது என்று தெரிந்தவர்கள் மூலம் செய்தி வந்திருந்தது. பொடியனுக்கு நிரந்தர வேலை, தங்க இடம், கம்பெனி அடையாள அட்டை. பொடியனைத் தரும் கழகத்துக்குப் புதுப் பலகையும் பந்துகளும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது, சண்டை ஓயாத நேரம். மட்டக்களப்பில் ஒரு பொடியனுக்கு மீசை அரும்பினால் தாய் அவனைத் தெருவுக்கு அனுப்பப் பயப்படும் காலம். வாவிக்கு இந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு போவார், அந்தப் பக்கம் இன்னொருவர் கூட்டிக்கொண்டு போவார். எந்தப் பெயரையும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கொழும்பு வேலை என்றால் அது உயிருக்கு ஒரு வழி. அதனாலே செய்தி வந்த நாள் தொட்டு ஹேர்பர்ட் வாசலைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

ஹேர்பர்ட்டுக்குத் தொழில் தச்சுப்பட்டறை. கழகம் அவருக்குத் தலைக்குப் பிடித்த பைத்தியம். ஊரிலிருந்த கழகங்கள் தங்களுக்குள் பொடியன்களை மாற்றிக்கொள்வது அப்போது வழக்கம். போன வருசம்கூட இரண்டு குட்டையான ஓட்டக்காரரைக் கல்லடிப் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு நெட்டையனையும் மேலதிகமாக ஒரு பந்தையும் வாங்கி வந்தவர் அவர். இந்த வியாபாரத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கழித்துவிட நினைக்கும் பொடியனை வானத்துக்கும் பூமிக்குமாகப் புகழ வேண்டும். வைத்திருக்க நினைக்கும் பொடியனைப் பற்றி யாராவது கேட்டால் வாயைச் சுழித்து, 'அவனா, பரவாயில்ல' என்று இழுக்க வேண்டும். இதில் ஹேர்பர்ட்டை வெல்ல ஆளில்லை. முதிரை மரத்தை வேம்பு என்று சொல்லி வாங்குவார், வேம்பை முதிரை என்று சொல்லி விற்பார் என்று மற்றக் கழகக்காரர் பகிடி பண்ணுவார்கள். அவருக்கும் அதிலே ஒரு பெருமை.

அன்றைக்கு அவரிடம் கொடுக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவன் டெரன்ஸ், அவருடைய தங்கை டல்சியின் மகன். பந்து அவன் கையை விட்டுப் போகவே மனமில்லாமல் போகும், அப்படி ஒரு கை. மற்றவன் ரூபகாந்தன். செட்டிபாளையத்துப் பொடியன், பட்டணத்தில் சொந்தக்காரர் வீட்டில் நின்று படித்தான். டெரன்ஸைவிட உயரம், ஆனால் பலகையில் பட்டுத் திரும்பும் பந்துக்குப் பாய மாட்டான், நின்று பார்த்துக்கொண்டிருப்பான். நல்ல பிள்ளை, சொன்ன சொல் கேட்பான், விளையாட்டுத்தான் வரவில்லை. ஈஸ்டர் சுற்றுப்போட்டி வரப்போகிறது. டெரன்ஸைக் கொடுத்தால் கிண்ணம் போயிற்று. ரூபகாந்தனைக் கொடுத்தால் பலகையும் வரும், கிண்ணமும் வரும், அந்தப் பிள்ளைக்கும் ஒரு வாழ்வு வரும். ஏணியிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் ஹேர்பர்ட் கணக்குப் போட்டுவிட்டார்.

பொடியன்கள் விளையாடுவதை வந்தவர் பார்த்தார். பந்தைப் பார்க்கவில்லை, தோள்களையும் கால்களையும் பார்த்தார். இது விசயம் தெரிந்த ஆள் என்று ஹேர்பர்ட் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். டல்சி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆடை பிடித்து ஆறிப்போகும்வரை அவர் கோப்பையைத் தொடவில்லை. அவருடைய தமிழ் எந்த ஊர்த் தமிழ் என்றும் பிடிபடவில்லை. டெரன்ஸைக் காட்டி இவன் எப்படி என்று கேட்டார். ஹேர்பர்ட் வாயைச் சுழித்தார். பிறகு தானாகவே ரூபகாந்தனை அழைத்து முன்னால் நிறுத்தி, அவன் முதுகிலே தட்டினார். நல்ல பலகையைத் தட்டிக் காட்டுகிற தட்டு அது.

வந்தவர் மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டார். பாரம் தூக்கிக்கொண்டு ஓடுவானா? ஹேர்பர்ட், நெல்லு மூட்டையோடு ஓடுகிற ஊர்ப் பொடியன் இவன் என்றார். இருட்டில் கண் தெரியுமா? கொழும்பில் போட்டிகள் இரவில் நடக்கும், வெளிச்சம் போதாதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, பூனைக் கண் என்றார். பெரிய சத்தம் கேட்டால் திடுக்கிடுவானா? பார்வையாளர் கத்துவதைச் சொல்கிறார் என்று எண்ணி, இவனுக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் அசைய மாட்டான் என்றார். ஏன் எதற்கு என்று கேள்வி கேட்பானா? கேட்கவே மாட்டான். கடைசியாக, போன இடத்துக்குத் தேடி வர வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். வீட்டு நினைப்பு வந்து பாதியில் ஓடிவரும் பொடியன்களைக் கம்பெனிகள் விரும்புவதில்லை என்பது ஹேர்பர்ட்டுக்குத் தெரியும்.

"தகப்பன் இல்ல. தாய்க்கு இவனுக்குப் பின்னால இன்னொரு பொடியன் வளர்றான்" என்றார் அவர். "இவன் போனா, ஒருத்தரும் தேடிவந்து நிக்க மாட்டாங்க."

ரூபகாந்தன் பக்கத்தில் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டு வெட்கத்தோடு சிரித்தான். யாரும் அவனை அவ்வளவு புகழ்ந்ததில்லை.

அடுத்த வாரமே வேன் வந்தது. செட்டிபாளையத்திலிருந்து தாய் அன்னப்பூரணி வந்து வழியனுப்பினாள். மகனுக்கு ஒரு பார்சல் சோறு, ஹேர்பர்ட்டுக்கு ஒரு சட்டி தயிர். தெய்வம் போல வந்தீங்க சேர் என்று அவள் கும்பிட்டபோது, ஹேர்பர்ட்டுக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. பாவி மனுசன், அன்றைக்கு அந்தத் தயிரை ரசித்துத்தான் சாப்பிட்டார்.

அது கழிந்து கொஞ்ச நாளில், வியர்வை வடிய, சேறு அப்பிய சப்பாத்தோடு ஒருவர் கோர்ட்டுக்குள் வந்தார். ஹலீம் என்று பெயர் சொன்னார், கம்பெனி அட்டையை நீட்டினார். பாதை பூட்டிக் கிடந்ததால் பொலன்னறுவையில் காத்துக் கிடந்து வருகிறேன், சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிவிட்டார்கள், வயிறும் சரியில்லை என்று புலம்பினார். வந்ததும் வராததுமாக டல்சியிடம் தேத்தண்ணி வாங்கி மடமடவென்று குடித்தார். பொடியன்களுக்கு ஆங்கிலம் வருமா, பள்ளிச் சோதனை பாஸா, அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டார். ஹேர்பர்ட், உங்கள் ஆள் முதலே வந்து ஒருவனைக் கூட்டிப் போய்விட்டாரே என்றார்.

ஹலீம் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கட ஆளா? நாங்க ஒருத்தரையும் அனுப்பல்லியே மாஸ்டர்."

அதற்குப் பிறகு ஹலீம் பேசியதில் பாதிதான் ஹேர்பர்ட்டின் காதில் ஏறியது. ஹலீம் டெரன்ஸ் விளையாடுவதைப் பார்த்தார், பார்த்த இடத்திலேயே எடுத்துக்கொள்கிறோம் என்றார், பலகையும் பந்தும் வந்துசேரும் என்றார். டல்சி ஓடிவந்து மகனைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஹேர்பர்ட் சரி என்று தலையாட்டினார். கிண்ணமாவது மண்ணாங்கட்டியாவது, மருமகன் தப்பினான் என்று மனசுக்குள் ஒரு நிம்மதி ஓடியது. அந்த நிம்மதியை நினைக்க அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

முதலில் வந்தவரின் முகம் எப்படி என்று அவர் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தார். டல்சி, கட்டை மீசை வைத்திருந்தார் என்றாள். டெரன்ஸ், மீசையே இல்லை, கண்ணாடி போட்டிருந்தார் என்றான். இன்னொருவன், தலை நரைத்த கிழவர் என்றான். ஹேர்பர்ட் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். முதிரைப் பலகையின் ரேகையை ஒருமுறை பார்த்தால் மறக்காத கண் அது. சப்பாத்து வந்தது, சேர்ட் வந்தது, கழுத்துக்கு மேலே ஒன்றுமே வரவில்லை. சோதனைச் சாவடிகளில் அப்படி ஒரு வேனைக் கண்டதாக யாரும் சொல்லவில்லை. மண்முனைத் துறையில்தான் ஒரு துப்புக் கிடைத்தது. வாவியைக் கடந்து அந்தப் பக்கத்துப் படுவான்கரைக்கு வாகனம் ஏற்றும் மிதவைப் பாதையில் வேலை செய்கிறவர், வேன் ஒன்று ஏறியது, அதிலே நெட்டையாக ஒரு பொடியன் சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான் என்றார். இதால போனால் கொழும்பு கிட்டவா என்று பொடியன் அவரிடம் கேட்டானாம். கேள்வி கேட்காத பொடியன் கேட்ட கேள்வி அது. வேனுக்குள் இருந்தவர் சிரித்தாராம். ஹேர்பர்ட் அங்கேயே தண்ணீர் ஓரமாகக் குந்திவிட்டார்.

தாயிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு செட்டிபாளையத்துக்குப் போனார். நல்ல பின்னேர வெயில். கிடுகு வேலிக்குள்ளே மணல் முற்றம் கூட்டிப் பெருக்கித் துப்பரவாக இருந்தது. அன்னப்பூரணி அவரைக் கண்டதும் ஓடிவந்து கதிரை போட்டாள். அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து, வரும் வழியெல்லாம் கோர்த்து வைத்த பேச்சைத் தள்ளிவைத்து ஹேர்பர்ட் கதிரையில் உட்கார்ந்தார்.

"அந்த ஐயா நேத்தும் வந்தாரு சேர்" என்றாள். "மூத்தவன் நல்லா இரிக்கானாம். அரிசியும் தந்திட்டுப் போனாரு. மறுகா, சின்னவனையும் பாத்தாரு. 'ஹேர்பர்ட் மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இவனையும் எடுக்கலாம்' எண்டாரு."

வாசல் மூலையில் அரை மூட்டை அரிசி சாய்ந்து கிடந்தது. முற்றத்து வெயிலிலும் ஹேர்பர்ட்டுக்குக் குளிர்ந்தது. ஒளிக்காமல், கூட்டாமல் குறைக்காமல், வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பொடியனைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"தங்கச்சி, அந்த ஆளக் கம்பெனி அனுப்பல்ல. அவர் ஆரெண்டே எனக்குத் தெரியா. மூத்தவன் கொழும்புக்குப் போகல்ல, படுவான்கரைக்குப் போன வேனைக் கண்டிருக்காங்க. சின்னவன இண்டைக்கே எங்கயாவது அனுப்பிப் போடுங்க."

அன்னப்பூரணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். பிறகு, டெரன்ஸ் தம்பிக்குக் கொழும்பில் வேலை சரிவந்திருக்கிறதாமே, அது மெய்தானா என்று கேட்டாள். ஹேர்பர்ட் மெய்தான் என்றார். அது எந்தக் கம்பெனி என்று கேட்டாள். அதே கம்பெனிதான் என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்கவில்லை.

"உங்கட மருமகனுக்கு உண்மையான ஆள், எங்கட பொடியனுக்கு மட்டும் பொய்யான ஆளா சேர்?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "மூத்தவன் எனக்குச் சொல்லியிருக்கான். ஒருத்தனப் போக விடாம வச்சிருக்க விரும்பினா, நீங்க அவனப் பத்தி நல்லதே சொல்ல மாட்டீங்களாம். கிண்ணத்துக்கு ஆள் குறையுதாக்கும்."

ஹேர்பர்ட் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார், மாதாவின் பேரில் பண்ணினார். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சந்தைக்காரன் பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு கிணற்றடிப் பக்கம் திரும்பி, "குகன், இஞ்ச வா மனே, சேருக்கு உன்னக் காட்டு" என்று கூப்பிட்டாள்.

குகன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். தலைவாசல் கூரைக்குக் கீழே வருவதற்கு அவன் குனிய வேண்டியிருந்தது. ஹேர்பர்ட் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் அந்தக் கண் அவர் சொல் கேட்கிற கண் இல்லை. அது தானாகவே பாதத்தைப் பார்த்தது, இன்னும் வளரப்போகிற பாதம். மணிக்கட்டைப் பார்த்தது, தோளின் அகலத்தைப் பார்த்தது, நடையில் சத்தமில்லாததைப் பார்த்தது. தமையனைவிட இவன் நல்ல மரம், டெரன்ஸைவிடவும் நல்ல மரம் என்று உள்ளே ஒரு குரல் விலை போட்டது. அது தன்னுடைய குரலா, அந்த மனிதருடைய குரலா என்று அவருக்கே பிரித்தறிய முடியவில்லை.

"இவன் ஆகாது" என்றார். வேலிக்கு வெளியே கேட்கவேண்டும் போலத் தன் குரல் உயர்ந்திருப்பதை உணர்ந்தார், ஆனாலும் குறைக்கவில்லை. "இவனுக்கு முழங்கால் சரியில்ல. கண்ணிலயும் குறை இரிக்கு. நெஞ்சும் ஒடுக்கம். ஓடினா மூச்சு வாங்கும். இவன ஆரும் எடுக்க மாட்டாங்க."

பொடியனுக்கு முகம் கறுத்துப் போயிற்று. அவன் தாயைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டு முற்றத்துக்கு இறங்கினான். வேலியோரத்துத் தென்னையின் தாழ்ந்த ஓலை ஒன்று அவன் தலைக்கு எத்தனையோ மேலே தொங்கிக்கொண்டிருந்தது. வேண்டாம் மகனே என்று ஹேர்பர்ட் எழும்பினார். அவன் மணலில் சத்தமில்லாமல் ஓடி வந்து பாய்ந்தான். ஓலையின் நுனி அவன் விரல்களில் அடிபட்டுப் படபடத்தது.

வேலிக்கு வெளியே யாரோ மெதுவாகக் கை தட்டினார்கள்.

அன்னப்பூரணியின் முகம் மலர்ந்தது. ஹேர்பர்ட் எழும்பிய கதிரையை இழுத்து, அதிலே கிடந்த துவாயால் அவசர அவசரமாகத் துடைக்கத் தொடங்கினாள். குகன் கைதட்டல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தான். பிறகு சில அடி பின்னால் போய் நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, மறுபடியும் பாய்ந்தான், முன்னதைவிட உயரமாக.