பன்னிரண்டு அறைப் பை

மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் ஜிப்பக்கா மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. பைக் கம்பெனியில் பதினேழு வருஷமாக ஜிப் தைப்பதால் வந்த பெயர் அது. மூத்த மகள் பட்டம் வாங்கியிருந்தாள். அவளுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று ஜிப்பக்கா ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாள்.

“ஒரு வாட்ச் வாங்கிக் குடுக்கா,” என்றாள் பக்கத்து மிஷின்காரி.

“மணிய செல்லுலயே பாத்துக்கிறா. உருப்படியா ஏதாச்சும் சொல்லு.”

“அப்ப ஒரு மாப்பிள்ளையப் பாரு.”

கூடமே சிரித்தது.

கடைசியில் பையே தைத்தாள். சான்றிதழ் மடங்காத அகலம், மழைக்கு நனையாத துணி, உள்ளே பன்னிரண்டு அறைகள். பஸ்ஸில் எவனும் கை வைக்காதபடி இரட்டை ஜிப்பும் குட்டிப் பூட்டும். துண்டுத் துணிக்காக சூப்பர்வைசரிடம் பல்லிளிக்க வேண்டியிருந்தது. மகளுக்காகத்தானே என்று தாராளமாகவே இளித்தாள். அடுத்த வருஷம் பட்டம் வாங்கப்போகும் சின்னவளுக்கும் சேர்த்தே துணி கேட்டாள், பூட்டையும் ஜோடியாக வாங்கினாள்.

“கடையிலகூட இப்படிக் கிடைக்காதும்மா,” என்று மகள் ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தாள். அவள் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். அடுத்த மாதம் அசல் சான்றிதழ்களோடு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை சும்மா இருப்பானேன், தேடி வந்த வேலையை விடாதே என்று ஒரு தனியார் ஆபீசில் சேரச் சொன்னவள் ஜிப்பக்காதான்.

சான்றிதழ்களைப் பையில் எடுத்துப்போன மகள், முதல் நாள் வேலை முடிந்து வெறுங்கையோடு வந்தாள்.

“பை எங்கடி?”

“ஆபீஸ்ல. ஒரிஜினல் எல்லாம் அவங்ககிட்டதான் இருக்கணுமாம். ரெண்டு வருஷம் கழிச்சுதான் தருவாங்களாம். கையெழுத்து வாங்கினப்புறம்தான் சொல்றாங்க.”

“அப்ப அடுத்த மாசம்?”

“கேட்டேன். வேலைய விட்டுப் போறதுக்கு நாங்களே எடுத்துக் குடுக்கணுமான்னு மேனேஜர் சிரிக்கிறாரு.”

“சாவியாவது உங்கிட்ட இருக்கா?” என்றாள் ஜிப்பக்கா.

“அதையும் வாங்கிக்கிட்டாங்க.” மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “பை ரொம்ப உபயோகமா இருக்காம். மத்தவங்க சர்டிபிகேட்டெல்லாம் பீரோவுல வெறும் கவர்ல கிடக்காம். இதே மாதிரி இன்னும் முப்பது தைச்சுத் தருவாங்களான்னு உங்கம்மாகிட்ட கேளுன்னாரு. பூட்டோட.”

வீட்டு மிஷின் மேசையில் சின்னவளுக்காக வெட்டிய துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஜிப்பக்கா ஜோடியின் மற்றொரு பூட்டை வைத்திருந்தாள், சாவியும் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.