விரிப்பின் மறுமுனை

சலவைக்கு வந்த தலையணை உறைக்குள்ளிருந்து பல்செட் ஒன்று விழுந்தது. ஏதோ விடுதியில் தங்கிப் போனவரின் கீழ்வரிசைப் பல். இளையவள் அதைத் துடைத்துத் தன் எட்டு மாத வயிற்றுக்கு நேரே நீட்டி, "இந்தா பாரு, உனக்கு முன்னாடியே உன் பல்லு வந்து சேந்துருச்சு" என்றாள். மூத்தவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அக்காளும் தங்கையும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. அதற்குள் அவர்கள் வேலை செய்த சலவை ஆலையில் இஸ்திரி உருளைகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் ஈர விரிப்பு நுழையும். மறுபக்கம் பலகைபோல் விறைத்து, ஆவி பறக்க வெளியே வரும். ஆளுக்கு இரண்டு மூலைகளாகப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்த்து, மடித்து அடுக்க வேண்டும். சூடு தின்ற விரல் நுனிகளில் ரேகை இருக்காது. விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் ஆலையில் எல்லாமே ஜோடிதான். ஜோடியில் ஒருத்தி வெளியே போனால் மற்றவளும் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டும். இரண்டு பேருக்கும் அன்றைக்குக் கூலி கிடையாது.

நின்றே வேலை செய்கிற கால்கள் மதியத்துக்குள் வீங்கிவிடும். 'உருளைக்கால்' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். அதனால் இளையவளின் கால் வீங்கியபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் ஊதியபோது, பிள்ளைத்தாய்ச்சி மினுமினுப்பு என்று கேலி பேசினார்கள்.

பல்செட் விழுவதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, அவள் விரிப்பின் மறுமுனையிலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, முகம் கை வீங்கினா, தலைவலி விடாம இருந்தா, கண்ணு முன்னாடி பூச்சி பறந்தா, உடனே வந்து பிரஷர் பாக்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்க. எனக்கு எல்லாமே இருக்குக்கா."

"இங்க யாருக்குடி வீங்கல? ஆவியில நின்னா தலை வலிக்காம குளுகுளுன்னா இருக்கும்? ஞாயித்துக்கிழமை லீவுதானே, நானே கூட்டிட்டுப் போறேன். மூலையை ஒழுங்காப் புடி."

இளையவள் ஒழுங்காகப் பிடித்தாள்.

பல்செட் விழுந்த சனிக்கிழமை, பொழுது வெளுத்த நேரம். உதறுவதற்காக மூத்தவள் விரிப்பை இழுத்தாள். மறுமுனை வரவில்லை. இளையவள் மூலைகளை இறுக்கிப் பிடித்தபடியே நின்றாள். கண்கள் மேலே செருகியிருந்தன. பிறகு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. சலவை வண்டியில், அழுக்கு மூட்டைகளின் மேல் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

வலிப்பை நிறுத்த ஊசி போட்டு, வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு விட்டது. தாய் கண் திறக்காமலே மறுநாள் மாலை போய்விட்டாள்.

"கர்ப்பத்துல வர்ற ரத்தக்கொதிப்பும்மா. மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருச்சு. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா மாத்திரை, ஊசின்னு கொடுத்துக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. மூத்தவள் விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லை.

அந்த வியாழக்கிழமைப் பேச்சைத் தங்கை புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், "பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டியேம்மா" என்று சொன்னபோதெல்லாம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

பத்து நாள் கழித்து, ஆலைப் பெண்கள் எல்லாரும் முதலாளியின் அறைக்குள் நுழைந்தார்கள். மாசமாக இருப்பவளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும், செக்கப்புக்குக் கூலியோடு விடுப்பு வேண்டும், ஜோடிச் சட்டம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள்.

"அது உடம்புல வந்த நோய். ஆலையா கொடுத்துச்சு?" என்றார் முதலாளி. "முடியலைன்னு அந்தப் பொண்ணு யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லுச்சா? சொல்லியிருந்தா நானா வேணாம்னு சொல்லப்போறேன்?"

மூத்தவள் பேசாமல் இருந்திருக்கலாம். அவளைத் தவிர அது எவருக்கும் தெரியாது.

"சொன்னா. என்கிட்ட சொன்னா."

அறையே திரும்பிப் பார்த்தது. முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "கேட்டுக்கங்க! கூடப் பொறந்தவளே போக விடல. என்கிட்ட நியாயம் கேக்க வந்துட்டீங்க."

"ஆமா ஐயா, நான்தான் விடல. அந்தப் பழியை இறக்கி வைக்க நான் இங்க வரல, அது என்னோடயே இருக்கட்டும். ஆனா அவ போனா எனக்கும் வேலை இல்லைன்னு சட்டம் போட்டது நான் இல்லை."

பக்கத்து உருளைக்காரி, எல்லாரும் நெட்டச்சி என்று கூப்பிடுபவள், முன்னால் வந்தாள். "நானும்தான் விடல. போன வருஷம் என் ஜோடி, துணியில ரத்தம் பட்டிருக்குன்னா. மத்தியானம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கன்னேன். கரு கலைஞ்சு போச்சு. இன்னிக்கு வரைக்கும் அவ மூஞ்சியைப் பாத்துப் பேச முடியல."

"நான் மட்டும் என்ன? காய்ச்சல்ல உன்னை நிக்க வச்சேனே" என்றது அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற அந்த ஜோடியின் குரல். அப்புறம் இன்னொன்று. இத்தனை காலமும் அவரவர் வயிற்றுக்குள் அடைத்து வைத்திருந்தது ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

முதலாளி எழுந்தார். "நாளைக்கு உருளை ஓடியாகணும்."

"ஓட்டுங்க ஐயா, யாரு தடுத்தா? மறுமுனையை நீங்களே புடிச்சுக்கங்க" என்றாள் நெட்டச்சி. அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

அன்று மாலை மூத்தவள் தங்கை புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழுந்து குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான்.

மறுநாள் விடியுமுன் பெண்கள் எல்லாரும் கேட்டுக்கு வெளியே கை கோத்து நின்றார்கள். நெட்டச்சியின் கை ஒரு பக்கம், அவள் ஜோடியின் கை மறுபக்கம், நடுவில் மூத்தவள். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிடவில்லை. ஆனால் நிற்க முடிந்தது. சற்றுத் தள்ளி, தெருவின் எதிர்ப்புறத்தில், தங்கை புருஷனும் வந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை. போகவும் இல்லை.

வேலை தொடங்க ஐந்து மணிக்கு ஊத வேண்டிய ஆலைச் சங்கு, எப்போதும்போல, இரண்டு நிமிடம் முன்னதாகவே ஊதியது. கோத்த கைகள் பிரியவில்லை.