நெட்டையண்ணன் சீட்

என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. ஆனாலும் மனிதர் முயற்சியைக் கைவிட்டதில்லை.

அன்று காலை எழுந்ததிலிருந்து என் நாத்தனாரின் காரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஒரு வருடத்துக்கு மேலாக நிற்கும் வண்டி அது. நாத்தனாரின் கணவர் வாசற்படியில் குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம். இவருக்கு அவர் நெட்டை அத்தான், எனக்கு நெட்டையண்ணன். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

வாசலில் வண்டி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வந்துவிட்ட மாதிரியே இருக்கிறது என்று சொல்லி, அண்ணி அதை லாரியில் ஏற்றி எங்களிடம் அனுப்பிவைத்தார். கூடவே வந்து சாவியை என் கையில் கொடுத்தார்.

"யாரும் உள்ள உக்காராதீங்கம்மா. அவர் எறங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும். சீட்டைக்கூட நகர்த்தாதீங்க."

"கண்ணும் கருத்துமா பாத்துக்கறோம் அண்ணி" என்றேன் நான். கண் வைத்தவர் இவர். பாலுக்குப் பூனை காவல் என்பார்களே, அந்தக் கதைதான். "சும்மா நின்னா இன்ஜின் இறுகிப்போகும்டி" என்று தெருவைச் சுற்றி ஒரு வலம் வந்தார். பிறகு ஆபீசுக்கு எடுத்துப் போனார். பிறகு என் தங்கை வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போனோம். நான் வேண்டாம் என்று சொன்னேன்தான். சொல்லிக்கொண்டே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஏசியைக் கூட்டி வைக்கச் சொன்னேன்.

ஒரு நாள் சொந்தக்காரர் ஒருவர் சிக்னலில் பார்த்துவிட்டு அண்ணியிடம் போட்டுக்கொடுத்தார். "அது வேற வண்டிக்கா, கலர் மட்டும் ஒண்ணு" என்று இவர் போனிலேயே சத்தியம் செய்தார். அண்ணி நம்பினார். அந்தப் பயத்தில் ஷெட்டில் விட்டவர்தான், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது அண்ணி டிரைவிங் கற்றுக்கொண்டுவிட்டார். நாளை வந்து நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று போன் வந்ததும் இவர் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார். விளக்குகூட எரியவில்லை. விடிந்ததும் செல்ஃபுக்குப் போன் செய்தோம். செல்ஃப் என்பது ஆட்டோ எலெக்ட்ரீஷியன். எந்த வண்டி வந்தாலும் "செல்ஃப் எடுக்குதா?" என்றுதான் ஆரம்பிப்பார், பெயர் நிலைத்துவிட்டது.

அவர் தன் வேனை எங்கள் ஷெட்டுக்கு முகம் கொடுத்து நிறுத்தினார். கதவைத் திறந்து, பானெட் லீவரை இழுத்துவிட்டு முன்பக்கம் போனார்.

"பேட்டரி சுத்தமா எறங்கிடுச்சு. டெர்மினல்ல பச்சை பூத்துக் கெடக்கு பாருங்க. கொஞ்சம் வெந்நீர் குடுங்கம்மா, பழைய பல் தேய்க்கற பிரஷ் ஒண்ணும்."

அவர் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து இறங்கினார். கக்கத்தில் ஒரு தடித்த திண்டு. முன்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஷெட் பக்கம் போய், கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அன்று முகம் தெளிவாக இருந்தது. பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்த பிள்ளையின் முகம்.

"என்ன அண்ணி, தலகாணியோட வந்துட்டீங்க?" என்றேன்.

"அவர் காலுக்கு வச்ச சீட்டுல எனக்குப் பெடல் எட்டாதுல்ல? முதுகுக்கு இத வச்சுக்கிட்டா எட்டும். இத வச்சுத்தான் டிரைவிங் ஸ்கூல் வண்டியில பழகினேன். சொல்லிக்குடுத்தவர் சிரிச்சார். சீட்ட முன்னாடி இழுத்துக்கோங்கன்னார். முடியாதுன்னுட்டேன்."

எனக்குச் சுரீர் என்றது. இவரைப் பார்த்தேன். மிட்டாய்த் தாள், பெட்ரோல் பில், என் தலைமுடி என்று தேடித் தேடிப் பொறுக்கியவருக்கு, தான் குள்ளம் என்பது மட்டும் நினைவில்லை. எனக்கும்தான் இல்லை.

செல்ஃப் சிவப்புக் கேபிளை இரண்டு பேட்டரிக்கும் மாட்டி, கறுப்பின் ஒரு முனையைத் தன் பேட்டரியிலும் மறு முனையை எங்கள் இன்ஜின் இரும்பிலும் கவ்வவிட்டார். வேனைக் கொஞ்ச நேரம் உறுமவிட்டார். "யாராச்சும் உக்காந்து சாவியத் திருப்புங்க."

"நான் வெளிய நின்னே திருப்பறேன்" என்றார் இவர், பத்தினி மாதிரி.

"விடு தம்பி, நானே உக்கார்றேன்."

அண்ணி திண்டை வைத்து உட்கார்ந்தார். ஸ்டியரிங் நெஞ்சில் இடித்தது. ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "டிக், டிக்" என்று இரண்டு தடவை விக்கி, மூன்றாவது தடவை வண்டி உயிர்பிடித்தது.

"நிறுத்திடாதீங்கம்மா! நிறுத்தினா மறுபடி எடுக்காது" என்று கத்தினார் செல்ஃப்.

அண்ணி மெல்லத் திண்டை உருவினார். பாதம் பெடலில் அழகாகப் பதிந்தது. அவர் குனிந்து தன் பாதத்தையே பார்த்தார்.

"சீட்டு முன்னாடி வந்திருக்கே தம்பி."

இவர் வாயைத் திறக்கும் முன்பே பொய் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "அது... பானெட் லீவர இழுக்கறப்ப இந்த எலெக்ட்ரீஷியன் நகர்த்தியிருப்பாருக்கா."

செல்ஃப் கேபிளும் கையுமாக நிமிர்ந்தார். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன், அதற்கு அண்ணி இடம் கொடுக்கவில்லை. சண்டைக்கும் போகவில்லை. கெஞ்சினார்.

"பரவால்லைங்க. தெரியாமத்தானே நகர்த்தினீங்க? எத்தனை பல்லு முன்னாடி வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நான் திரும்ப அங்கயே வச்சுக்கறேன். யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டா? மூணா?"

செல்ஃப் அண்ணியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். ஒரு வேற்று மனிதர், என் வீட்டு ஷெட்டில் நின்று, என்னம்மா இது என்று கண்ணாலேயே கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அவரக் கேக்காதீங்க அண்ணி" என்றேன். "அவர் சீட்டத் தொடவே இல்ல. உங்க தம்பிதான் ஓட்டினார். நானும் கூட உக்காந்து போனேன்."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதையாவது அணைத்துவிட முடிந்தால் தேவலை என்றிருந்தது.

அண்ணி இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உக்காரு" என்றார் இவரிடம். "உங்கத்தான் வச்ச மாதிரி வச்சுக் காட்டு."

இவர் உட்கார்ந்தார். சீட்டைப் பின்னால் தள்ளினார். டக், டக், டக். கால் பெடலை விட்டு நழுவி ஆடியது. "இங்கக்கா" என்றார். பிறகு ஒரு பல் முன்னால் இழுத்து, "இல்ல, இங்க" என்றார். மறுபடி பின்னால் போனார். ஆபீசில் நான்கு பேரை மேய்க்கிற மனிதர், அக்கா முன்னால் காதெல்லாம் சிவந்து, முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. பாவம் என்றும் சொல்ல முடியவில்லை.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுடா."

"தெரியலக்கா."

அண்ணி அழுதிருந்தால் கட்டிக்கொண்டு நானும் அழுதிருப்பேன், மன்னிப்பும் கேட்டிருப்பேன். அவர் அழவில்லை. இவரை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். தன் கால் எட்டும் இடத்துக்குச் சீட்டை இழுத்துக்கொண்டார். எடுத்துவந்த திண்டைப் பின்சீட்டில் எறிந்தார்.

செல்ஃப் கேபிள்களைக் கழற்றி, வேனைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டார். "அரை மணி நேரமாச்சும் எங்கயும் நிறுத்தாம ஓட்டுங்கம்மா. பேட்டரி ஏறட்டும்."

"சரிங்க. உங்கள இவங்க பேச்சக் கேட்டுச் சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. வரேங்க" என்று அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். "போறேன்" என்றார்.

இவர் ஜன்னல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, வரேன்னு சொல்லுக்கா. திட்டிட்டாவது போ. வரேன்னு சொல்லிட்டுப் போக்கா."

அண்ணி சாலையைப் பார்த்தபடி கியரைப் போட்டார். இவர் கையை எடுக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்தினார்.