சலவைக்கடை அக்காவின் பின்னால்

மணி நாலு இருபது. ஐந்துக்குள் பத்துக் குடும்பமாவது கையெழுத்துப் போடாவிட்டால், பிள்ளைகளுக்கான சாலைப் பாதுகாப்பு வகுப்பை வேறு பகுதிக்கு மாற்றிவிடுவோம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வந்த படிவக்காரியின் அட்டையில் பத்துப் படிவமும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

நான்கு மாடிக் குடியிருப்பு. வாசலை உரசிக்கொண்டு லாரி ஓடும் சாலை. சிக்னல் கிடையாது, கடக்கும் கோடும் அழிந்து வருஷக்கணக்காகிறது. அட்டையும் கையுமாக யார் வந்தாலும் வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் என்று இங்கே கதவைச் சாத்திக்கொள்வார்கள். சாவித் துவாரங்களோடு பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. உள்ளிருந்து வந்தது ஒரே பதில்தான். வகுப்பு எதற்கு, எங்களுக்குச் சலவைக்கடை அக்கா இருக்கிறாள்.

அக்கா ஆள் வாட்டசாட்டம். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எதிர்ப்புறம் போய் நிற்பாள். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து அவள் பின்னால் ரயில் விடுவார்கள். அக்கா வலது கையைத் தூக்கிக்கொண்டு அசராமல் நடப்பாள். லாரிக்காரர்கள் அலறியடித்து பிரேக்கை மிதிப்பார்கள். ஒன்பது வருஷத்தில் ஒரு கீறல் இல்லை.

இவளைச் சேர்த்தால் குடியிருப்பே சேரும் என்று கணக்குப் போட்ட படிவக்காரி, அன்றைய ரயிலில் அக்காவுக்குப் பக்கத்தில் நடந்தாள். பாதிச் சாலையில் பேச்சைத் தொடங்க அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன.

இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும், பிள்ளைகளுக்காகக் காத்திருந்த அம்மாக்கள் முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

"கண்ண மூடிக்கிட்டா நடக்குறீங்க?"

"தொறந்தா லாரி தெரியுதேம்மா. பயத்துல காலு நகராது."

அம்மாக்கள் அவரவர் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். பேனாவுக்கு முதலில் நீண்டது அக்காவின் கைதான். அவளுக்குப் பிள்ளை கிடையாது. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, வயது ஐம்பத்திரண்டு என்று போட்டாள். அவ்வளவுதான், அட்டையைச் சுற்றித் தள்ளுமுள்ளு. ஐந்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது படிவம் தீர்ந்து, மிச்சப் பேர் அட்டையின் முதுகில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சற்று முன் கதவைச் சாத்திய மூன்றாம் மாடி அம்மா, கையெழுத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்போ ஒம்போது வருஷமா எங்க பசங்களுக்கு வழி பாத்தது யாருக்கா?"