எட்டாவது படி

படம் வந்து ஒன்பது வருஷம் ஆகியும் அந்த மாடிப்படியைப் பார்க்க ஜனங்கள் ஸ்டுடியோ வாசலில் வரிசை கட்டுகிறார்கள். நானும் போய் நின்றேன். ஆசையில் இல்லை, வயிற்றெரிச்சலில்.

அந்தப் படியில்தான் என் வீட்டுக்காரர் விழுந்தார். செட்டுக்குப் பெயிண்ட் அடிப்பவர். இடுப்பு எலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கை. விசாரிக்க வந்தவர்களிடம் செட் போட்ட மாஸ்டர் சுருக்கமாக முடித்துவிட்டார்: "எல்லாப் படிக்கும் அடியில கட்டை இருக்கு. ஆள் குடிச்சிட்டு ஏறியிருக்கான்." காபியைக்கூட இரண்டாம் தடவை கேட்காத மனிதர் என் வீட்டுக்காரர். அதற்குப் பிறகு எந்த செட்டிலும் இவரைச் சேர்க்கவில்லை. அதையாவது பொறுத்துக்கொண்டேன். பெற்ற மகளே அதை நம்பினாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டு வருஷக்கணக்காகிறது. அந்த ஒன்றுதான் எனக்கு ஜீரணமாகவே இல்லை.

நடந்தது இதுதான். செட்டில் நடிகர்கள் கால் வைக்கிற படிகளுக்குத்தான் முதலில் கட்டை கொடுப்பார்கள். மற்றதெல்லாம் வெறும் அட்டையும் பூச்சும். கட்டை இல்லாத படியில் சிவப்பு சாக்பீஸில் பெருக்கல் குறி இருக்கும். கட்டை வைத்த பிறகுதான் அதை அழிக்கவேண்டும். அன்று செட்டைப் பார்க்க யாரோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள், குறி அசிங்கமாகத் தெரிகிறது என்று மாஸ்டர் தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டார். குறி இல்லையே என்று நம்பி இவர் வாளியோடு எட்டாவது படியில் கால் வைத்தார். துடைத்ததைப் பார்த்த தச்சர் விசாரணையில் வாயே திறக்கவில்லை. பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லி அழுதுவிட்டுப் போனார். அந்த அழுகையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

போன மாதம் எதிர்வீட்டு டீச்சர் இந்த ஸ்டுடியோவுக்குப் போய்வந்து வீடியோ காட்டினார். இப்போது மாஸ்டரே கூட்டத்துக்கு செட்டைச் சுற்றிக் காட்டுகிறாராம். கடைசியில் மாடிப்படி ஏறி நின்று போஸ் வேறு. அவர் ஏறுவதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ஏழிலிருந்து நேராக ஒன்பதுக்குக் கால் போனது. பாவி, உடைந்த படிக்கு மேல்பூச்சு மட்டும் பூசி மூடியிருக்கிறான்.

மறுநாளே மகளுக்கும் சேர்த்து மூன்று டிக்கெட் எடுத்தேன்.

"எனக்கெதுக்கு அந்த எழவு?" என்றார் இவர்.

"பேசாம சட்டையை மாத்துங்க" என்றேன்.

மாஸ்டர் கறுப்புக் கண்ணாடியும் கழுத்துத் துண்டுமாக வந்தார். கம்பூன்றி நின்ற இவரை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. மாடிப்படிக்கு வந்ததும் நான் கையைத் தூக்கினேன்.

"சார், இதெல்லாம் உறுதிதானா? பார்த்தாலே பயமா இருக்கு."

சிரித்தார். "என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க. அன்னைக்கிருந்து இன்னைக்கு வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் கட்டை இருக்கு. யானையே ஏறலாம்."

"ஒண்ணு விடாமயா?"

"ஒண்ணு விடாம."

கயிற்றை விலக்கிவிட்டு ஏறினார். நான் மகளின் முழங்கையைப் பிடித்தேன். "காலைப் பாரு. எண்ணு."

அவள் முணுமுணுத்தாள். "அஞ்சு, ஆறு, ஏழு..." அதோடு நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மேலே நின்று மாஸ்டர் கைகளை விரித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்குகிற வரை காத்திருந்தேன்.

"சார், எட்டாவது படியை ஏன் தாண்டுனீங்க?"

"எதும்மா?"

"எட்டாவது. யானை ஏறலாம்னீங்களே. இறங்கும்போது அதுல ரெண்டு காலையும் வச்சு நில்லுங்க, போட்டோ எடுத்துக்கறோம்."

விஷயம் தெரியாத ஒருவர், "ஆமா சார், நல்லா வரும்" என்று போனைத் தூக்கினார். அவரைப் பார்த்து இன்னும் இருபது பேர் தூக்கினார்கள்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் கம்பூன்றி நின்ற இவரைப் பார்த்தார். தெரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. பொய் சொல்வானேன், என் வயிறு குளிர்ந்தது.

"அது... பழைய செட்டு. கொஞ்சம் தளர்ந்திருக்கும்" என்றார்.

"ஒன்பது வருஷம் முன்னாடி புதுசாத்தானே இருந்தது. இவர் கால் எப்படி உள்ள போச்சு?"

அதற்குள் மகள் கயிற்றைத் தாண்டிப் பக்கவாட்டில் போய், ஏழாவது படியைக் கையை மடக்கித் தட்டினாள். கட்டைச் சத்தம். எட்டாவதைத் தட்டினாள். காலி டப்பா மாதிரி டொப்பென்றது. மறுபடியும் தட்டினாள். தூக்கிய போன்களெல்லாம் அவள் பக்கம் திரும்பின.

அவள் திரும்பி வந்தாள். மாஸ்டர் உட்காருவதற்கென்று போட்டிருந்த நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து மாடிப்படிக்கு நேர் எதிரே போட்டாள்.

"உக்காருங்கப்பா" என்றாள். "அவர் இறங்கி வர்ற வரைக்கும் இருந்து பார்த்துட்டுப் போகலாம்."

இவர் உட்கார்ந்தார். அவளும் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். மாஸ்டர் மேலேயே நின்றார்.